அழையா விருந்தினர்

ஐப்பசி மாதத்து விடியற்காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கின்றது. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு வீட்டில், முற்றம் பெருக்குவதற்காக இல்லத்தரசி தலைவாயிற் கதவைத் திறக்கின்றாள். விறாந்தையின் மூலையில், கழற்றி வைத்த செருப்புகளுக்கு அருகே, ஒரு சிறு பறவை ஒடுங்கி நிற்கின்றது. முதுகிலே பச்சை, தோளிலே நீலம், மார்பிலே மங்கிய பொன்னிறம், வாலின் அடியிலே குங்குமச் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை. இத்தனை வண்ணங்களையும் ஒருங்கே கொண்ட பறவையை அவ்வீட்டார் தம் வளவில் ஒருநாளும் கண்டதில்லை. அருகே சென்று கை நீட்டினாலும் அது பறந்தோட முயலவில்லை.

வீட்டார் கூடிவிடுகின்றனர். யாரோ வளர்த்த பறவை கூண்டிலிருந்து தப்பி வந்துவிட்டது என்கின்றார் ஒருவர். நோய்ப்பட்ட பறவை, தொடவேண்டாம் என்கின்றார் மற்றொருவர். நல்ல சகுனம் என்கின்றார் பாட்டியார். சிறுவன் அடுக்களைக்கு ஓடிச் சோற்றுப் பருக்கையும் சிரட்டையில் தண்ணீரும் கொண்டு வருகின்றான். பறவையோ சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. இக்காட்சி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. மாரி தொடங்கும் வேளையில், ஆண்டுதோறும், இலங்கையின் பல ஊர்களிலும் நிகழ்வதாகும்.

அப்பறவையின் பெயர் ஆறுமணிக்குருவி. காலை ஆறு மணி அளவிலும் மாலை ஆறு மணி அளவிலும் இரண்டு சுரத்திலே சீழ்க்கை அடிப்பதுபோலக் குரல் கொடுப்பதால் இப்பெயர் வந்தது. தோட்டக்கள்ளன் என்றும் தமிழில் இதனை வழங்குவர். சிங்களத்தில் அவிச்சியா என்பர். பறவை நூலார் இதற்கு இட்ட ‘பிட்டா’ என்னும் பெயரும் ஐரோப்பியச் சொல் அன்று. சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லே அது.

இக்குருவி இலங்கையிற் குஞ்சு பொரிப்பதில்லை. இமயமலையின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவின் மலைக்காடுகளிலும் கூடு கட்டி வாழ்வது. அங்கே குளிர் நெருங்கித் தரையிலுள்ள பூச்சி புழுக்கள் அருகத் தொடங்கியதும், தெற்கு நோக்கிப் புறப்படுகின்றது. அதன் நிறை ஏறத்தாழ ஐம்பது அல்லது அறுபது கிராம். ஒரு கோழிமுட்டையின் நிறை என்று சொல்லலாம். அவ்வளவு சிறிய உடலைக் கொண்டு, பெரும்பாலும் இரவு நேரங்களிலே, நூற்றுக்கணக்கான காதம் பறந்து, தமிழ்நாட்டின் கரையைத் தாண்டிக் கடலையும் கடந்து இத்தீவை வந்தடைகின்றது. வந்து சேரும்போது உடலிற் சேமித்திருந்த கொழுப்பு முழுவதும் எரிந்து தீர்ந்திருக்கும். மழையும் எதிர்க்காற்றும் வழியிலே குறுக்கிட்டால், விடியும் வேளையில் கண்ணிற்பட்ட முதல் நிலத்தில் விழுவதன்றி அதற்கு வேறு வழியில்லை. அந்த நிலம் காடாயினும் சரி, ஒரு வீட்டு விறாந்தையாயினும் சரி.

வீட்டுக்குள்ளே அது வந்து விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவிற் பறக்கும் பறவைகளை மின்விளக்கின் ஒளி மயக்கி இழுக்கும். பகலிலோ யன்னற் கண்ணாடியில் மரமும் வானமும் தெரிய, அதனைத் திறந்தவெளி என்று எண்ணிப் பாய்ந்து மோதிக்கொள்ளும். ஆகவே, காலையில் ஒடுங்கி நிற்கும் பறவை நோய்ப்பட்டதென்று கருதிவிடுதல் வேண்டா. அது பெரும்பாலும் களைத்த வழிப்போக்கன். அல்லது கண்ணாடியில் மோதிக் கலங்கிய வழிப்போக்கன்.

இவ்விருந்தினரை உபசரிக்கும் முறை யாது? சோறு அதற்கு உணவன்று. இலைச்சருகைக் கிளறிப் பூச்சியும் புழுவும் தின்பது அது. அலகைப் பிரித்துத் தண்ணீர் வார்த்தல் பெருந்தீங்கு. தண்ணீர் மூச்சுக்குழலுட் சென்று பறவை இறந்துபோகக்கூடும். கையில் ஏந்திப் பலருக்கும் காட்டுதலும் ஆகாது. அச்சமே சில வேளைகளில் சிறு பறவையைக் கொன்றுவிடும். பூனையும் நாயும் அணுகாமற் காத்து, காற்றுப் புகும் ஓர் அட்டைப் பெட்டியிலோ, கவிழ்த்த கடகத்தின் அடியிலோ, இருளும் அமைதியுமான இடத்தில் ஓரிரு மணி நேரம் வைத்தாற் போதும். கலக்கம் தெளிந்து அது அசையத் தொடங்கியதும், செடிகள் செறிந்த நிழலிலே திறந்துவிட வேண்டும். சிறகு முறிந்திருந்தால் மட்டுமே வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டிய தேவை எழும். மற்றைய வேளைகளில் அவ்விருந்தினர் நம்மிடம் வேண்டுவது உணவன்று. இருளும் அமைதியும், பின்னர் திறந்த ஒரு வழியுமே.

தமிழர்க்கு விருந்தோம்பல் புதிதன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், தோகை விரித்து ஆடிய மயிலொன்று குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அவனுடைய ஈர நெஞ்சை உலகம் இன்றும் போற்றுகின்றது, போற்றுதல் தகும். ஆயினும் மயிலுக்குப் போர்வை வேண்டியதில்லை என்பதும் உண்மையன்றோ? பேகன் ஈந்த போர்வையால் மயிலுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. இக்காலத்தில் நாம் காட்டுயிர்களுக்கு ஈவனவோ அவ்வாறு தீங்கற்றவையாய் இருப்பதில்லை. இதற்குத் திருகோணமலையைப்போலத் தெளிந்த சான்று தரும் ஊர் வேறொன்று கிடைப்பது அரிது.

காடும் வீடும் இவ்வூரில் அடுத்தடுத்து இருப்பதன் காரணத்தை முதலில் அறிதல் நலம். ஆழ்ந்த இயற்கைத் துறைமுகம் ஒன்றைச் சுற்றிக் குன்றுகள் சூழ்ந்த ஊர் இது. கடற்படைத் தேவைக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களிற் குடியேற்றம் நிகழாமையால் அங்கே மரங்கள் வளர்ந்தன. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். 1963ஆம் ஆண்டில் துறைமுகத்தைச் சார்ந்த நிலமும் தீவுகளும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. சீனக்குடாவிலே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் பல பத்தாண்டுகள் பயன்படாது கிடக்க, அவற்றைச் சூழவும் காடு ஓங்கியது. போர்க்காலத்தில் மக்கள் வெளியேறிய ஊர்களிலும் வளவுகள் பற்றைக்காடாயின. மக்கள் மீண்டு வந்தபோது, தாம் இல்லாத காலத்தில் வேறு குடிகள் அங்கே பழகிவிட்டதைக் கண்டனர். ஆதலின் வந்த விலங்கு வழி தவறி வந்தது என்று சொல்வதைவிட, அதன் வழியிலே நம் வீடு நிற்கின்றது என்று சொல்லுதல் பல இடங்களிற் பொருந்தும்.

மாரிக்காலத்து விருந்தினருள் யாவரும் அஞ்சுவது பாம்பு. மழைநீர் வளைகளை நிரப்பியதும் அது மேட்டு நிலத்தைத் தேடுகின்றது. வீட்டில் நெல் மூடை இருப்பின் எலி வரும். எலி இருக்குமிடத்துக்குப் பாம்பு வரும். விறகுக் குவியலும் கல் அடுக்கும் தேங்காய் மட்டைக் கும்பமும் அதற்கு உறைவிடமாகும். வருவனவற்றுட் பல நஞ்சற்றவை. சாரைப்பாம்பு எலியைத் தின்று வேளாளனுக்கு உதவுவது. நாகம், கண்ணாடி விரியன் என்னும் புடையன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை அஞ்சுதல் அறிவுடைமை. இவற்றுள்ளும் கட்டுவிரியன் இரவிலே நடமாடுவது. தரையிற் பாய் விரித்து உறங்குவோரை அது கடிக்கும். கடி பெரும்பாலும் நோவதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலியும் இமை சோர்தலும் கண்ட பின்னரே தீங்கு வெளிப்படும். ஆகவே, மாரிக்காலத்திற் கட்டிலிலே, நுளம்புவலையை மெத்தையின் கீழே செருகிக்கொண்டு உறங்குதல் நூறு மந்திரங்களுக்கு மேலான காப்பாகும்.

கடிபட்ட இடத்தைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், கயிற்றால் இறுக்கிக் கட்டுதலும் தவறு. கடிபட்டவரை நடக்கவிடாது, அசைவைக் குறைத்து, தாமதமின்றி அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். நஞ்சு முறிமருந்து அங்கேதான் உண்டு. வீட்டினுள்ளே பாம்பைக் கண்டவர் அதனை அடிக்க முனைந்தாற் கடிபடும் வாய்ப்பே மிகும். பிள்ளைகளை வெளியேற்றி, வெளிப்புறக் கதவைத் திறந்து வைத்துத் தொலைவில் நின்று கவனித்தால், பெரும்பாலும் அது தானாகவே வெளியேறிவிடும். ஆறுமணிக்குருவிக்கு நாம் திறந்துவிட்ட வழியே பாம்புக்கும் போதுமானது.

திருகோணமலைக்கே உரிய விருந்தினர் ஒருவர் உளர். அவர்தாம் புள்ளிமான். 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, ஒல்லாந்தர் கைக்கு மாறி, பின்னர் பிரித்தானியர் வசமாகி, 1803ஆம் ஆண்டில் பிரட்றிக் கோட்டை என்று பெயர் பெற்ற கோட்டையினுள்ளே மான்கள் கூட்டமாக வாழ்கின்றன. கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் அக்கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். மான்கள் கோட்டைக்குள் மட்டும் நின்றுவிடுவதில்லை. கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் வருகின்றன. வீட்டுப் படலை திறந்திருந்தால் முற்றத்துக்கும் வருகின்றன. நகரத்துச் சந்தடியிலே புள்ளிமான் உலவுவதைக் காணும் வெளியூரார் வியந்து நிற்பர். அன்புமிக்கோர் பழமும் பாணும் நீட்டுவர்.

இவ்வன்பின் மறுபக்கத்தையும் நேயர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாணைச் சுற்றி வந்த பொலித்தீன் உறையும், உணவுப் பொதியின் மெல்லிய தாளும் தெருவிலே வீசப்படுகின்றன. உப்பும் எண்ணெயும் அதில் ஒட்டியிருப்பதால் மான் அதனையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றது. மான் அசைபோடும் விலங்கு; அதன் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. புல்லும் இலையும் முதலறையிலே ஊறி, மீண்டும் வாய்க்கு வந்து, அரைபட்டு, பின்னரே அடுத்த அறைகளுக்குச் செல்லும். பொலித்தீனோ ஊறுவதுமில்லை, அரைபடுவதுமில்லை. அது முதலறையிலேயே தங்கி, ஒன்றோடொன்று திரண்டு, உருண்டையாகின்றது. இரைப்பை நிறைந்திருப்பதால் மானுக்குப் பசி தோன்றுவதில்லை, உண்ணவும் இடமில்லை. வயிறு நிறைந்தபடியே அது பட்டினியால் இறக்கின்றது. இவ்வாறு இறந்த திருகோணமலை மான்களைப் பற்றிய செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே குப்பைமேட்டை நாடி வந்த யானைகளின் கதையும் இதுவே. அங்கே எட்டு ஆண்டுக் காலத்துள் ஏறத்தாழ இருபது யானைகள் பிளாத்திக்குக் கழிவை உண்டு இறந்தன என 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திற் செய்தி வந்தது.

குரங்கின் நிலையும் நோக்கத்தக்கது. ஒருநாள் நீட்டிய வாழைப்பழத்தைக் குரங்கு மறப்பதில்லை; மறுநாள் தன் கூட்டத்தோடு வந்து, கொடாவிடின் பறித்துச் செல்லும். ஓட்டைப் புரட்டும், தென்னையில் இளங்காயைக் கடித்து எறியும். முன்னாளில் விருந்தென்று வரவேற்றவரே பின்னாளிற் பகையென்று கல்லெறிவர். இவ்விடர் நாடெங்கும் பெருகியமையால், 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆம் நாள் காலை, ஐந்து நிமிட நேரம், நாட்டு மக்கள் தத்தம் வளவிலும் தோட்டத்திலும் நின்று குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணிக் கூறுமாறு அரசாங்கம் கேட்டுக்கொண்டது. வீட்டு முற்றத்துக்கு யார் வருகின்றார் என்பது நாட்டின் கணக்காகிவிட்டமைக்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நகரத்தை விட்டு மேற்கே கப்பல்துறை, தம்பலகாமம், கந்தளாய் என உள்நாடு நோக்கிச் செல்லச் செல்ல, விருந்தினரின் உருவமும் பெரிதாகின்றது. நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவு உணவு உட்கொள்ளும் யானைக்கு, வாழைத்தோட்டம் ஒரு வேளைச் சிற்றுண்டியாகும். அதனினும் கொடியது, அதன் மோப்பம். வீட்டினுள்ளே அடுக்கிய நெல் மூடையின் மணத்தையும் உப்பின் மணத்தையும் தொலைவிலிருந்தே அறிந்து, இரவிலே வந்து, சுவரை இடித்துத் துதிக்கையை நீட்டும். உள்ளே பிள்ளைகள் உறங்குகின்றனர் என்பதை அது அறியாது. ஒரு போகத்து உழைப்பும், ஒரு குடும்பத்தின் உயிரும் அச்சுவரின் பின்னே இருக்கின்றன.

2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 480க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் உயிரிழந்த மனிதரும் 180க்கு மேற்பட்டோர். யானைகளைக் காட்டுக்குள் அடைத்துவிட்டால் இத்துயர் தீருமென்று பலர் எண்ணுவர். ஆயினும் நாடளாவிய ஆய்வொன்று, யானை நடமாடும் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கில் மக்களும் குடியிருக்கின்றனர் எனக் கண்டது. அடைப்பதற்கு வேறு காடில்லை. ஆதலின் காட்டுக்கு வேலி அடைப்பதைவிட, ஊருக்கும் வயலுக்கும் மின்வேலி அடைத்து, அதனை ஊராரே பேணுதல் பயன் தருமென ஆய்வாளர் கூறுகின்றனர். வயலிலே பயிர் நிற்கும் காலத்தில் வேலி நிற்கும். அறுவடை முடிந்ததும் அதனைக் கழற்றிவிட, யானை தாளடியை மேய்ந்து செல்லும். நெல்லை உறங்கும் அறையில் அடுக்காது அப்புறப்படுத்துதலும், வீட்டைச் சூழ உள்ள பற்றைகளை வெட்டி வெளியாக்குதலும், வாசலில் விளக்கெரிய விடுதலும் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்கன. தெருவோரத்து யானைக்குப் பழம் எறிவோர், அது நாளை ஒரு குடிசையின் கதவைத் தட்டுவதற்குப் பயிற்சி அளிக்கின்றனர் என்பதை உணர்தல் வேண்டும். உணவுப் பொருளுக்குள் வெடிமருந்தை மறைத்து வைப்போரோ வாய் சிதைந்த யானைக் கன்றுகள் பட்டினியால் மடியக் காரணராகின்றனர். அது பாவம் மட்டுமன்று, சட்டத்தின்படி குற்றமுமாகும்.

காட்டுயிர்களைக் காக்கும் சட்டம் இந்நாட்டில் 1937ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. காயமுற்ற விலங்கையோ, வீட்டுக்குள் அகப்பட்ட விலங்கையோ கண்டவர் 1992 என்னும் தொலைபேசி எண்ணில் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். ஆயினும் பெரும்பாலான வருகைகளுக்குத் திணைக்களமும் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை. வந்தவர் ஏன் வந்தார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தாற் போதும். மழைக்கு ஒதுங்கி வந்தாரா, களைத்து விழுந்தாரா, நாம் வீசிய எச்சிலை நாடி வந்தாரா, நாம் அடைத்த பழைய வழியைத் தேடி வந்தாரா? காரணம் தெரிந்தாற் செய்யவேண்டியது தானே விளங்கும். களைத்தவருக்கு அமைதி, வழி கேட்டவருக்கு வழி, எச்சிலை நாடியவருக்கு மூடிய குப்பைத்தொட்டி.

மனித விருந்தினர்க்கு இலை விரித்தல் அறம். காட்டு விருந்தினர்க்கு இலை விரியாதிருத்தல் அறம். முன்னையது வந்தவரைத் தங்கவைக்கும். பின்னையது வந்தவரை அவர் வீட்டுக்கு உயிரோடு அனுப்பிவைக்கும். இரண்டும் ஒரே ஈர நெஞ்சிலிருந்து பிறப்பனவே.

விறாந்தையில் ஒடுங்கி நின்ற அக்குருவியோ, செடிகளின் நிழலிலே விடப்பட்டதும் தத்தித் தத்திச் சென்று சருகைக் கிளறத் தொடங்கும். மாரி முழுவதும் அது அவ்வூர்த் தோட்டங்களிலே மறைந்து வாழும். காலையிலும் மாலையிலும் ஆறு மணிக்கு அதன் சீழ்க்கை கேட்கும். உருவம் எளிதிற் கண்ணுக்குத் தட்டுப்படாது. பின்னர், சித்திரை வெயில் ஏறுவதற்குள், ஒருநாள் மாலை அக்குரல் கேளாதுபோகும். அதனை எண்ணி வருந்துதல் வேண்டா. கடலைக் கடந்து, இமயத்தின் அடிவாரத்திலே கூடு கட்டுவதற்கு அது புறப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.